முன்னால் நின்று, பக்கத்தில் நின்று, தலைமாட்டில் நின்று

உடற்கூறு நூல் எதைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு மனித உருவம் நிற்கும். தலை நிமிர்ந்திருக்கும், பார்வை நேராக இருக்கும், கைகள் இருபுறமும் தொங்கும், உள்ளங்கைகள் முன்னோக்கித் திறந்திருக்கும். மேல், கீழ், முன், பின், உள், வெளி என்று மருத்துவம் சொல்வதெல்லாம் இந்த நிற்கும் உடலை வைத்துத்தான். நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும், காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டிருந்தாலும், அவர் இப்படி நிற்பதாக நினைத்துக்கொண்டே எழுத வேண்டும். இந்த உடலைக் கற்பனையில் மூன்று விதமாக வெட்டுகிறோம். இடது வலதாகப் பிரிக்கும் வெட்டு சஜிட்டல் தளம். முன்பாதி பின்பாதியாகப் பிரிப்பது கொரோனல் தளம்; அசைவுகளைப் பேசும்போது அதையே ஃப்ரன்டல் என்போம். மேல்பாதி கீழ்பாதியாகக் கிடைமட்டத்தில் பிரிப்பது ட்ரான்ஸ்வர்ஸ் தளம். பிசியோதெரபி முதலாம் ஆண்டில் ஒரே வகுப்பில் நடத்தி முடித்துவிடுகிற பாடம் இது. அந்தச் சின்னப் பாடத்தைத்தான் நான் தினமும் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறேன்.

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வீடு தேடிப் போய் பிசியோதெரபி செய்வது என் வேலை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வண்டி அது. தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, ஆலங்குளம், விஜயகரிசல்குளம் என்று சுற்றுவோம். பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட முதியவர்கள் இவர்கள்தான் அதிகம். ஆனால் பட்டாசை நம்பிப் பிழைக்கிற இந்தக் கரிசல் பூமியில் தீக்காயத் தழும்போடு வாழ்கிறவர்களைப் பார்க்காமல் ஒரு சுற்று முடிவதில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2024 பிப்ரவரி 17, இராமுதேவன்பட்டி. பட்டாசு ஆலைகள் வெடித்த இந்தத் தேதிகளை இங்கே பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். செய்தியில் இறந்தவர்களின் எண்ணிக்கை முதலில் வரும்; அடுத்த வரியில் 'காயமடைந்தோர் மருத்துவமனையில் அனுமதி' என்றிருக்கும். அந்த இரண்டாவது வரியில் இருப்பவர்கள்தான் என் ஆட்கள். சிவகாசியிலோ மதுரையிலோ உயிரைக் காப்பாற்றி, தோல் ஒட்டி, வீட்டுக்கு அனுப்பியபின் அவர்களுடைய தோல் ஒரு வேலையைத் தொடங்குகிறது. சுருங்குகிற வேலை.

அது ஏன் சுருங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆழமான புண் ஆறும்போது அதன் அடியில் ஒருவகைச் செல்கள் உருவாகின்றன. இழைகளைச் சுரக்கும் திறனும், தசைபோல இழுத்துச் சுருங்கும் திறனும் அவற்றுக்கு உண்டு. ஜூலியோ கப்பியானியும் அவரோடு பணியாற்றியவர்களும் 1971இல் இவற்றை விவரித்தார்கள். மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். திறந்த புண்ணின் விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து மூடுவதுதான் இவற்றின் நோக்கம். சின்னப் புண்ணென்றால் அது நன்மை. அக்குளிலிருந்து முழங்கை வரை, தாடையிலிருந்து மார்பு வரை வெந்த உடம்பிலும் இவை அதே விசுவாசத்தோடு விளிம்புகளை இழுக்கும். நடுவே ஒரு மூட்டு இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. தழும்பு முதிர்ந்து அடங்க ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை ஆகும். அவ்வளவு காலமும் இழுப்பு இருந்துகொண்டே இருக்கும், தூங்கும்போதும்கூட.

தீக்காயத்தைத் தளம் என்ற கண்ணோடு பார்க்கிற வேலை, நான் வருவதற்கு முன்பே, காயம்பட்டவர் வார்டுக்குள் நுழைந்த நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று கணக்கிட இரண்டு படங்கள் போட்ட ஒரு தாள் உண்டு. ஒன்று முன்பக்கம், இன்னொன்று பின்பக்கம். லண்டும் பிரவுடரும் 1944இல் வெளியிட்ட அட்டவணை அது. 1942இல் பாஸ்டன் நகரில் ஓர் இரவு விடுதி எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட பிறகு, அந்த நகரத்து மருத்துவமனை அனுபவத்தில் பிறந்தது. பெரியவர்களுக்கு அவசரக் கணக்கும் ஒன்றிருக்கிறது. 1951இல் வாலஸ் அச்சேற்றிய ஒன்பதின் விதி. தலை 9 சதவீதம், ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18. இது உடம்பைக் கொரோனல் தளத்தில் பிளந்து, இரண்டு பாதியையும் எண்ணுகிற முறை. உள்ளே செலுத்த வேண்டிய திரவத்தின் அளவை அந்தச் சதவீதம் தீர்மானிக்கும். உயிர் பிழைப்பது அதைப் பொறுத்தது.

முன்பாதி, பின்பாதி என்ற அந்தப் பிளவை எங்கள் பக்கத்து வேலைமுறையே கோடு போட்டு வைத்திருக்கிறது. வெடிமருந்து செலுத்துகிறவரோ, திரி வைக்கிறவரோ, சரம் பின்னுகிறவரோ நூலில் இருக்கும் மனிதரைப்போல நிற்பதில்லை. தரையில் சம்மணம் போட்டு, முதுகு வளைந்து, கழுத்து குனிந்து, முழங்கை மடங்கி, கைகள் மடிக்கு அருகில் வேலை செய்ய, உட்கார்ந்திருப்பார்கள். தீ முன்னாலிருந்து வருகிறது. முகம், கழுத்தின் முன்புறம், மார்பு, முன்னங்கை, தொடையின் மேற்புறம் இவைதான் நான் அதிகம் பார்க்கும் இடங்கள். எழுந்து ஓடியவர்களின் முதுகில் இருக்கும்.

முன்பக்கம் வெந்தவருக்கு எப்படிப் படுத்தால் எரிச்சல் குறையும்? கழுத்தைக் குனித்து, தோளை ஒட்டி, முழங்கையை மடக்கி, தொடையை வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு சுருண்டால் குறையும். "கைய இப்படி நெஞ்சோட வச்சாத்தான் மேடம் கொஞ்சம் அடங்குது" என்று சொல்லாதவர்களே இல்லை. எங்கள் துறையின் கசப்பான பாடம் இதுதான்: வலிக்கு இதமான நிலையே மூட்டு இறுகிப்போகிற நிலையும். அந்த இதமான நிலையைத் தளங்களாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி சஜிட்டல் தளத்தில் கிடக்கிறது. கழுத்து, முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாமே மடங்கியிருக்கின்றன. ஆகவே சிகிச்சை எதிர்த்திசையில் போகிறது. கழுத்து நிமிர்ந்திருக்க வேண்டும், முழங்கை நீண்டிருக்க வேண்டும், இடுப்பும் முழங்காலும் நேராக, கணுக்கால் செங்கோணத்தில். தோள் ஃப்ரன்டல் தளத்தில் பக்கவாட்டாக 90 பாகை விரிந்திருக்க வேண்டும்; ஆனால் நேர் பக்கவாட்டில் அல்ல, அங்கிருந்து 10, 15 பாகை முன்னால் வந்து. காரணம், அக்குளுக்குள் கைக்குப் போகும் நரம்புக் கூட்டம் இருக்கிறது. நேர் பக்கவாட்டில் நாள்கணக்கில் விரித்தே வைத்தால் அது இழுபட்டுக் கை மரத்துப்போகும்.

விரல்களில் மட்டும் இந்தக் கணக்கு மாறும், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. புறங்கை வெந்தால் விரலின் அடிமூட்டு பின்னோக்கி இழுபட்டு, நடுமூட்டுகள் மடங்கி, கை நகம்போலக் கொக்கியாகும். அதைத் தடுக்க விரலை நேராக நீட்டிக் கட்டிவிடலாமே என்று தோன்றும். அடிமூட்டின் இரு பக்கமும் இருக்கிற பந்தகங்கள் மூட்டு மடங்கியிருக்கும்போதுதான் நீண்டு நிற்கும். நீட்டியே வைத்தால் அவை குறுகிவிடும், பிறகு மடக்கவே வராது. எனவே மணிக்கட்டை 20, 30 பாகை பின்னால் சாய்த்து, அடிமூட்டை 70 பாகைக்கு மேல் மடக்கி, நடு, நுனி மூட்டுகளை நேராக நீட்டி, கட்டைவிரலை விலக்கிக் கட்டுவோம். திரி வைக்கவும் சரம் பின்னவும் பழகிய விரல்கள் இந்தப் பக்கம் அதிகம். அந்த ஓர் அடிமூட்டை இழந்தால் அவர்களுடைய கைத்தொழில் மொத்தமும் போகும். மற்ற எதற்கும் பொறுப்பேன்; கை கட்டும் விஷயத்தில் மட்டும் ஒரு பாகைகூட விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை.

கழுத்துக்கு வருகிறேன். தாடைக்கும் மார்புக்கும் நடுவே உள்ள தோல் சுருங்கினால் முகம் கீழே இழுபடும். கீழுதடு பிரிந்து வாய் மூடாது, எச்சில் ஒழுகும். எதிரில் வருகிறவரைப் பார்க்க உடம்பையே பின்னால் சாய்க்க வேண்டும். அறுவை செய்து விடுவிக்கலாம் என்றால், மயக்கம் கொடுப்பவர் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடவே கழுத்து பின்னால் சாய வேண்டியிருக்கிறது. எந்தக் குறையைச் சரிசெய்யப் போகிறோமோ, அந்தக் குறையே அறுவை மேசையில் ஆபத்தாகி நிற்கிறது. ஆகவே எங்கள் முதல் கட்டளை எப்போதும் ஒன்றுதான், தலையணை வேண்டாம். வீட்டுக்காரர்களுக்கு இது கொடுமையாகப் படும். நொந்து கிடக்கிற பிள்ளைக்குத் தலைக்கு ஒன்றும் வைக்காமல் எப்படிப் படுக்கவிடுவது? நான் அந்தத் தலையணையை வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் வைத்து, கையை விரித்து அதில் கிடத்துவேன். ஒரு துண்டைச் சுருட்டித் தோள்பட்டைகளுக்கு அடியில் வைத்தால் கழுத்து தானாகப் பின்னால் போகும். செலவு எதுவும் இல்லை. தலையணைக்கு வேறு வேலை கொடுத்ததில் அந்த அம்மாக்களின் மனமும் கொஞ்சம் ஆறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி அக்குள். என் வேலையில் மிக வளமான இடம் அதுதான். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

மார்பும் அக்குளின் முன்மடிப்பும் வெந்து ஆறிய ஓர் அக்கா இருந்தார். "கை நல்லாத் தூக்க வருது மேடம், பாருங்க" என்று தூக்கியும் காட்டினார். தலைக்கு மேல் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை, கொடியில் ஈரச் சேலையை விரித்துப் போட முடியவில்லை என்கிறார். இரண்டும் உண்மை. அவர் காட்டியது முன்பக்கமாகத் தூக்குவது, சஜிட்டல் தளத்து அசைவு. முன்மடிப்பிலுள்ள தழும்பு பெரிதாகப் பூட்டுவது பக்கவாட்டு விரிப்பை, ஃப்ரன்டல் தளத்தை. 'கை தூக்குதல்' என்று நாம் ஒரே பேச்சில் சொல்வதை மூட்டு மூன்று தனித்தனிக் கேள்விகளாகக் கேட்டு வாங்குகிறது. முன்னால் எவ்வளவு? பக்கவாட்டில் எவ்வளவு? உள்ளும் வெளியுமாகத் திருகுவது எவ்வளவு? ரவிக்கையின் பின்கொக்கிக்குப் பின்னோட்டமும் உள்திருகலும் வேண்டும். சடை பின்ன விரிப்பும் வெளித்திருகலும் வேண்டும். பஸ் கம்பிக்கு விரிப்போடு முழு நீளமும் வேண்டும். ஒரு தளத்தில் கிடைத்த மகிழ்ச்சி இன்னொரு தளத்து இழப்பை மறைத்துவிடுகிறது.

உடம்பும் கடன் வாங்கும். அதே அக்காவைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். எதிரில் நின்று பார்த்தால் கை கிட்டத்தட்ட 110 பாகைக்குப் போனது போலிருந்தது. ஆனால் அவர் இடுப்பிலிருந்து எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தார். அந்தச் சாய்வையும் சேர்த்துத்தான் 110. சாயாமல் இருக்க விலாவைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கச் சொன்னேன். இப்போதும் உயர்ந்தது. நான் அவருடைய பக்கவாட்டுக்கு நகர்ந்து பார்த்தேன்: கை பக்கவாட்டில் போகவில்லை, முன்னால் நழுவி வந்திருந்தது, எளிதான தளத்துக்குத் திருட்டுத்தனமாக ஓடிவிட்டது. கையைப் பின்னால் நிறுத்தி, உட்கார வைத்து, தலைமாட்டிலிருந்து குனிந்து பார்த்தேன். இப்போது உடலே ட்ரான்ஸ்வர்ஸ் தளத்தில் திரும்பிக்கொண்டது. மார்பு ஒருபக்கம் சுழன்று, கைக்கு இடம் கொடுத்தது. எல்லா வாசலையும் அடைத்த பிறகு கிடைத்த உண்மையான விரிப்பு 70 பாகைதான்.

இதிலிருந்து நான் கற்றதை எந்த மாணவிக்கும் முதலில் சொல்வேன். ஒரு தளத்தின் அசைவை அளக்க அந்தத் தளத்துக்கு நேரெதிரே நிற்க வேண்டும். பாடம் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் அசைவு அந்தத் தளத்தை விட்டு ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க, அந்த இடத்தை விட்டு நகர்ந்து மற்ற இரண்டு இடங்களில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவருக்கு முன்னால் நழுவுவது தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குப் பக்கவாட்டுச் சாய்வு தெரியாது. மூன்று தளம் என்பது உடம்பைப் பற்றிய அறிவு மட்டுமில்லை, சிகிச்சை செய்கிறவர் எங்கெங்கே போய் நிற்க வேண்டும் என்ற கட்டளையும்கூட. கோணம் அளக்கும் கோனியோமீட்டரை வைத்திருக்கிற கைக்கு இருக்கும் மரியாதையில் பாதியாவது அந்தக் கால்களுக்கும் தர வேண்டும்.

விஜயகரிசல்குளத்துக்குப் போகும்போது வைப்பாற்றங்கரை அகழாய்வு மேட்டைக் கடக்கிறோம். 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் குவியலாகக் கிடைத்தன. சதுரக் குழிகளின் தரையை மேலிருந்து வரைவார்கள். செங்குத்தாக நிற்கும் சுவர்களையும் தனியாக வரைவார்கள், மண் அடுக்குகள் அந்த வெட்டுமுகத்தில்தான் தெரியும் என்பதால். ஒரு சுவரில் தெரியாத குழி அடுத்த சுவரில் தெரியும். எனக்கு அது அந்நியமான வேலையாகவே தோன்றவில்லை.

அளந்ததை எழுதி வைக்கிற முறையையும் சொல்ல வேண்டும். நிற்கும் அந்த உடலைப் பூஜ்யமாக வைத்து மூட்டை அளக்கலாம் என்று கேவும் ராபர்ட்ஸும் 1936இல் எழுதினார்கள்; 1965இல் அமெரிக்க எலும்பியல் கழகம் அதை ஒரு கையேடாகவே வெளியிட்டது. 1975இல் கெர்ஹார்ட்டும் ரூஸ்ஸேயும் அதைத் தளங்களோடு முடிச்சுப் போட்டார்கள். எஸ் என்றால் சஜிட்டல், எஃப் என்றால் ஃப்ரன்டல், டி ட்ரான்ஸ்வர்ஸ், ஆர் திருகல். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். தோள் எஸ்: 50-0-170 என்று எழுதினால், பின்னால் 50 பாகை, நடுவே பூஜ்யம், முன்னால் 170. முழங்கை எஸ்: 0-0-150 என்றால் நேருக்குமேல் பின்னால் வளையாது, நேரிலிருந்து 150 வரை மடங்கும். எந்த மொழிக்காரர் படித்தாலும் புரிகிற எழுத்து இது.

தீக்காயம் ஆறிய முழங்கை ஒன்றின் பதிவு என் நோட்டில் இப்படி இருக்கிறது: எஸ்: 0-30-90. நடுவில் இருக்க வேண்டிய பூஜ்யம் அங்கே இல்லை. அந்த மூட்டு எவ்வளவு முயன்றாலும் 30 பாகை மடங்கிய இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. நூலில் நிற்கும் மனிதருக்குப் பூஜ்யம் பிறவியிலேயே கிடைத்துவிட்டது. அவரை வைத்து வரைந்தவர்களுக்கு அதைப் பற்றிக் கவலைப்படும் தேவை இருக்கவில்லை. என்னிடம் வருகிறவர்களுக்கு அதுதான் எட்ட வேண்டிய இலக்கு. 150 வரை மடங்க வைப்பதைவிட, நடு எண்ணை 30இலிருந்து 20க்கும், 20இலிருந்து 10க்கும் கொண்டுவர எனக்கு அதிக காலம் பிடிக்கிறது. சோறு அள்ளிச் சாப்பிட மடங்கினால் போதும் என்று வீட்டில் நினைப்பார்கள். குடத்தைத் தூக்கவும், ஊன்றி எழவும், கை வீசி நடக்கவும் நேர் வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தளங்களை நான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். தோள் இயல்பாக உயரும் வழி மூன்று தளங்களில் எதுவுமே இல்லை. தோள்பட்டை எலும்பு விலாவின் வளைவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால், ஃப்ரன்டல் தளத்திலிருந்து 30, 40 பாகை முன்னே ஒரு சாய்வான பாதையில்தான் கை சுகமாக உயரும். அலமாரியில் டப்பா எடுக்கும்போது பாருங்கள். வலி அதிகமுள்ளவர்களுக்கு நான் அந்தப் பாதையில்தான் தொடங்குவேன். இன்னொரு வியப்பு: பாஸ்டன்காரர்தான் இவரும், காட்மன், தோளைப் பற்றி 1934இல் நூல் எழுதியவர். அவர் காட்டிய ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கை தொடையைப் பார்க்க, கட்டைவிரல் முன்னோக்கி இருக்கட்டும். கையைத் திருகாமல் முன்பக்கமாகத் தலைக்கு மேல் தூக்குங்கள். அங்கிருந்து, அப்போதும் திருகாமல், பக்கவாட்டு வழியாக இறக்கிக்கொண்டே வாருங்கள். உள்ளங்கை வெளியே பார்த்துக்கொண்டு, கட்டைவிரல் பின்னோக்கித் திரும்பியிருக்கும். கடைசியில் தோள் இடிக்கும். திருகவே இல்லை, ஆனாலும் திரும்பிவிட்டது. ஒரு தளத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கினால் மூன்றாவதும் உள்ளே வந்துவிடுகிறது. தழும்பு ஒரு திசையைப் பூட்டினால் மற்ற இரண்டிலும் ஏன் வினோதமான குறைகள் முளைக்கின்றன என்று புரிந்தது இதைச் செய்து பார்த்தபோதுதான்.

தழும்பே திசையில்லாமல் வளர்வதில்லை. அதற்கும் ஒரு கோடு இருக்கிறது. அக்குளில் கயிறுபோலப் புடைத்து நிற்கும் தழும்பை அறுவை மருத்துவர் இசட் வடிவத்தில் கீறி, 60 பாகையில் வெட்டிய இரண்டு முக்கோணத் தோல்களை இடம் மாற்றித் தைப்பார். கணக்குப்படி அந்தக் கோட்டின் நீளம் முக்கால் பங்கு கூடும். நடுக்கோட்டின் திசையும் குறுக்காகத் திரும்பிவிடும். விரிப்பைத் தடுத்த இழுப்பு இப்போது அதற்குக் குறுக்கே போய்விடுகிறது. எவ்வளவு எளிய வடிவியல், எவ்வளவு பெரிய விடுதலை! அந்த அறுவைக்குப் பிறகு வருகிற வாரங்கள் மறுபடி என்னுடையவை. விரித்த கையை விரித்தே வைக்காவிட்டால் கிடைத்ததெல்லாம் திரும்பப் போகும்.

வீட்டில் செய்கிற சிகிச்சையைப் பற்றி நீட்டி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. எண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பது, மெதுவாக இழுத்து, தழும்பு வெளுக்கும் இடத்தில் நிறுத்தி வைப்பது, இரவில் மூட்டை அசையாமல் நிறுத்திக் கட்டும் ஸ்ப்ளின்ட். இறுக்கமான அழுத்த உடையை நாளில் 23 மணி நேரம் போட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது. சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், அந்த உடைக்குள் ஒருவர் படும் பாட்டை அருகில் உட்கார்ந்து பார்த்தவர்கள் '23 மணி நேரம்' என்பதைச் சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். நான் அவர்களோடு பேரம் பேசுகிறேன். பகல் உச்சியில் கழற்றுங்கள், அந்த நேரத்தில் இழுப்புப் பயிற்சி செய்யுங்கள், சாயங்காலம் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இந்த எண்களுக்கு வேறொரு கனமும் உண்டு. மாற்றுத்திறன் சான்றிதழுக்குப் போகும்போது, மூட்டு ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு அசைவை இழந்தது என்று அளந்து சதவீதமாக்குகிறார்கள். 40 சதவீதத்தைத் தொட்டால்தான் பல உதவிகளின் கதவு திறக்கும். 2016 சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் தனியாக இருக்கிறார்கள். நெருப்பில் வெந்தவர்களுக்குத் தனி இடம் இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற வழியாகத்தான் நுழைய வேண்டும். வேலையிடத்து விபத்துக்கு இழப்பீடு கேட்கும்போதும் இழந்த திறனைத்தான் எடை போடுகிறார்கள். அந்த அக்காவின் 110ஐ எழுதுவதா, 70ஐ எழுதுவதா என்பது வெறும் தொழில்நுட்பச் சண்டை இல்லை. சாய்ந்து, நழுவி, திரும்பி அவர் ஈடுகட்டிக்கொண்ட 40 பாகையை அவருடைய திறமை என்று கணக்கில் சேர்த்தால், அவர் படும் சிரமமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். வெயில் தாங்காத தோலுக்கும், இரவெல்லாம் அரிக்கிற தழும்புக்கும் அந்தச் சதவீதக் கணக்கில் பாகை கிடையாது. அதற்கும் ஓர் இடம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை, இருக்கிற எண்ணையாவது நேர்மையாக எடுக்க வேண்டும்.

என்னால் ஒரு வீட்டுக்கு மாதத்தில் சில முறைதான் போக முடிகிறது. அதனால் ஊர்களில் உள்ள தன்னார்வலர் பெண்களுக்கும், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் மூன்று இடங்களை மட்டும் பழக்குகிறேன்: முன்னால் நில்லுங்கள், பக்கத்தில் நில்லுங்கள், தலைமாட்டில் நின்று குனிந்து பாருங்கள். சஜிட்டல், ஃப்ரன்டல் என்று ஒரு சொல்லும் கிடையாது. சுவரில் கரிக்கோடு போட்டு, விரல்நுனி எட்டிய இடத்தைக் குறிக்கச் சொல்வேன். முன்பக்கமாகத் தூக்கியதற்கு ஒரு கோடு, பக்கவாட்டுக்கு ஒரு கோடு. சுவரில் முதுகை ஒட்டி நின்றால் கை முன்னால் நழுவுவதும் உடல் திரும்புவதும் தானே பிடிபட்டுவிடும்.

போன வாரம் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து ஒரு தன்னார்வலர் பேசினார். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவர். "மேடம், முன்னால ரெண்டு விரக்கடை கூடியிருக்கு. பக்கத்துல அதே கோட்டுல நிக்குது. மேல நின்னு பாத்தேன், நெஞ்சத் திருப்புறாங்க. பிடிச்சுக்கிட்டுத் தூக்கச் சொன்னா இன்னும் ஒரு விரக்கடை கம்மி." அடுத்த செவ்வாய் அந்தத் தெருவை முதலில் போட்டுக்கொண்டேன், பக்கவாட்டு ஸ்ப்ளின்ட்டை மாற்றிக் கட்ட வேண்டும்.